அடித்தல் திருத்தல் உண்டு

போகிக்கு முந்தின நாள் பரணைக் காலி செய்தபோது கீழே இறங்கியவை: கால் ஆடும் முக்காலி ஒன்று, ஈயம் போன பாத்திரம் இரண்டு, என் மாமனாரின் லேப்டாப். 2022 பொங்கல் அது. முந்தின ஏப்ரலில் மூத்த மகளை ஒரு வாரம் பார்த்துவிட்டு வரலாம் என்று கோயம்புத்தூர் போனவரை, கொரோனா இரண்டாம் அலை அங்கேயே உட்காரவைத்துவிட்டது. புறப்படும்போது லேப்டாப்பைப் பழைய வேட்டியில் சுற்றி, நாலு அந்துருண்டை போட்டுப் பரணில் ஏற்றியிருந்தார். ஒன்பது மாதம் கழித்துத் திறந்தால் விசைப்பலகையில் கல்யாணப் பட்டுப்புடவை வாசனை.

சார்ஜ் ஏறியது. திரை வந்தது. அப்டேட் மட்டும் வரவில்லை.

"முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருதரம் அதைப் போடு, இதைப் போடுன்னு நச்சரிக்கும் மாப்பிள்ளை. இப்ப வாயே திறக்கல. உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

அதில் 2019இல் டெபியன் 10 என்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொடுத்தவன் நான்தான். ஆகவே குற்றவாளியைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பொங்கலன்று சாப்பாடு முடிந்து, டெர்மினலைத் திறந்து, பழைய பழக்கத்தில் 'ஆப்ட்-கெட் அப்டேட்' என்று தட்டினேன். சர்வரில் இருக்கும் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை, பல நாள் பொறுக்க வேண்டும் என்று பதில் வந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "பின்தேதி போட்ட பத்திரமா?"

அதேதான். பரணில் படுத்திருந்த லேப்டாப்பின் கடிகாரத்தில் இன்னும் 2021 முடியவில்லை. அதன் கண்ணுக்கு, நாளைக்குப் போட வேண்டிய கையெழுத்தை யாரோ இன்றைக்கே போட்டிருக்கிறார்கள். வைஃபை வழியாக நேரம் தானாகச் சரியானதும் மறுபடி தட்டினேன். இப்போது வேறு வில்லங்கம். இந்தக் களஞ்சியம் முன்பு 'ஸ்டேபிள்' என்ற பெயரில் இருந்தது, இப்போது 'ஓல்ட்ஸ்டேபிள்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது, வெளிப்படையாகச் சம்மதம் சொல்லாதவரை ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றது.

"ஸ்டேபிள்னா?"

"அசையாதது மாமா."

"அசையாச் சொத்து. சரி. மத்தது?"

"பழைய அசையாச் சொத்து. அதுக்கும் மேல ஓல்ட்ஓல்ட்ஸ்டேபிள்னு ஒண்ணு இருக்கு."

"பாட்டன் சொத்து. விளங்குது. மூலப் பத்திரத்தைக் காட்டுங்க."

மாமா மயிலாடுதுறையில் பதிவாளர் அலுவலகத்து வாசலில் 32 வருஷம் பத்திரம் எழுதியவர். ஒரு வரியைக் கூடுதலாக அடித்தால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். சோர்சஸ் லிஸ்ட் என்ற கோப்பைத் திறந்து காட்டினேன். இந்தக் கணினி தன் மென்பொருளை எங்கெங்கிருந்து வாங்கலாம் என்று அனுமதிக்கும் ஏழெட்டு வரிகள். மூக்குக்கண்ணாடியை மாட்டினார், துண்டால் திரையைத் துடைத்தார், மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார்.

"மாப்பிள்ளை, இது வில்லங்கச் சான்று மாதிரியில்ல இருக்கு. முதல் வரியிலேயே அடித்தல். அடிச்சவர் சுருக்கொப்பம் எங்கே?"

அந்த முதல் வரி சிடி-ராம் வரி. டெபியனை டிவிடி நகலிலிருந்து ஏற்றினால் அது தானாக எழுதப்பட்டுவிடும். அதை அப்படியே விட்டால், எந்த மென்பொருள் பேக்கேஜ் கேட்டாலும் 'இன்ன பெயர் கொண்ட வட்டைப் போட்டு என்டர் தட்டுங்கள்' என்று, வட்டு நுழையும் ஓட்டையே இல்லாத லேப்டாப்பிடம்கூடக் கேட்டுக்கொண்டிருக்கும். 2019இல் நான் அதன் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு அடித்திருந்தேன்.

சிடிக்கும் டெபியனுக்கும் ஜாதகமே சரியில்லை. 1993 ஆகஸ்ட் 16இல் இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியனை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் முழுசு. பின்னாளில் அவர்கள் மணந்து, பிரிந்தும்விட்டார்கள். இயங்குதளம் மட்டும் இரண்டு பேரையும் பிரியவிடாமல் கட்டிவைத்திருக்கிறது. குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தபோதே, 1995இல் இன்ஃபோமேஜிக் என்ற சிடி கம்பெனி, பாதி வெந்த ஒரு பதிப்பை எடுத்து 'டெபியன் 1.0' என்று லேபிள் ஒட்டி விற்றுவிட்டது. டிசம்பர் 11 அன்று இருதரப்பும் சேர்ந்து, அந்த வெளியீடு கோளாறானது என்று அறிவிக்க வேண்டிவந்தது. அதோடு 1.0 என்ற எண்ணையே இவர்கள் கைவிட்டார்கள். 1996 ஜூனில் வந்த முதல் ஒழுங்கான பதிப்புக்கு 1.1 என்று பெயர். நம் ஊர் லாட்ஜில் 13ஆம் எண் அறை இல்லாத மாதிரி, டெபியனில் 1.0 கிடையாது. அவசரப்பட்டுச் சூடுபட்ட வீடு அது. அன்றைக்கு எடுத்த கையை அடுப்புப் பக்கம் மறுபடி கொண்டுபோக அவர்களுக்கு ரொம்ப நாளாயிற்று.

"இரண்டாவது வரியில இது யாரு, பஸ்டர்?"

"நாய் மாமா."

விரலை எடுத்துவிட்டார்.

விளக்க வேண்டியதாயிற்று. இயனுக்கு அடுத்துத் தலைமை ஏற்ற புரூஸ் பெரன்ஸுக்கு அப்போது பிக்ஸார் ஸ்டுடியோவில் வேலை. 'டாய் ஸ்டோரி' வெளிவந்த சமயம். அன்றிலிருந்து டெபியன் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பட வரிசைப் பாத்திரத்தின் பெயர். உருளைக்கிழங்கு, கௌபாய், சார்ஜென்ட், குதிரை. பஸ்டர் என்பது அதில் வரும் ஆண்டி என்ற சிறுவனின் வீட்டு நாய். பதிப்பே ஆகாமல் நிரந்தரமாகப் பட்டறையில் கிடக்கும் கிளைக்கு சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் பக்கத்து வீட்டுப் பையன்.

புதிய பேக்கேஜ் எதுவானாலும் முதலில் சிட் வீட்டில்தான் இறங்கும். 2000ஆம் ஆண்டுக் கடைசியில் அதற்கும் ஸ்டேபிளுக்கும் நடுவே ஒரு திண்ணை கட்டினார்கள். டெஸ்டிங் என்று பெயர். சிட்டிலிருந்து திண்ணைக்கு வர பிரிட்னி என்ற நிரலின் அனுமதி வேண்டும். அவசரமில்லாத பேக்கேஜ் என்றால் 10 நாள் தீட்டு, கொஞ்சம் அவசரமென்றால் 5, ரொம்ப அவசரமென்றால் 2. அதற்குள் பெரிய கோளாறு எதையும் யாரும் புகார் செய்திருக்கக் கூடாது, எல்லாவகைக் கணினியிலும் தொகுத்துப் பார்த்திருக்க வேண்டும், சொந்தபந்தப் பேக்கேஜ்களும் கூடவே வர வேண்டும். ஒரு சித்தப்பா வரவில்லையென்றால் முகூர்த்தமே தள்ளிப்போகும். உபுன்டு என்று 2004இல் தனிக்குடித்தனம் போன பிள்ளை, இந்தத் திண்ணைக் காத்திருப்பே வேண்டாமென்று நேராக சிட் வீட்டில் புகுந்து, ஆறு மாதத்துக்கு ஒருதரம் சாமான் அள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பிள்ளையே இப்போது பெரியமனிதராகி, ஓர் அப்டேட்டை எல்லோருக்கும் ஒரேநாளில் கொடுக்காமல் முதலில் பத்து சதவீதம், பிறகு இன்னும் பத்து என்று ரேஷன் கடை டோக்கன் மாதிரி விநியோகிக்கிறது. டோக்கன் வராதவர் திரையில் 'இந்தப் பேக்கேஜ்கள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி. பாதிப் பேர் அதைக் கோளாறு என்று நினைத்து, நன்றாக இருந்த கணினியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

தீட்டுக் காத்தால் தோஷம் அண்டாது என்றும் சொல்ல முடியாது. 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் யாரோ ரகசியக் கதவு வைத்தார்களே, அது இந்த நாள்கணக்கையெல்லாம் சமர்த்தாகக் கழித்துவிட்டுத் திண்ணை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. பிடித்தது பிரிட்னி அல்ல. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்பவருக்கு லாகின் ஆக அரை விநாடி கூடுதலாவது பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா விரலைத் திரும்ப வைத்தார். "ஒரு சொத்து கைமாற எத்தனை நாள் ஆகும்?"

இப்போதெல்லாம் இரண்டு வருஷம். ஆனால் சார்ஜ் என்ற பதிப்பின் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வுடி என்ற 3.0 வந்தது 2002 ஜூலை 19. அடுத்தது சார்ஜ். 2003 டிசம்பர் 1 என்று முகூர்த்தம் குறித்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் வீட்டில் திருடன் புகுந்தான். யாரோ டெபியனின் சர்வர்கள் பலவற்றில் நுழைந்திருந்தது நவம்பரில் தெரியவந்தது. சர்வரையெல்லாம் கழுவித் துடைத்து மறுபடி நிமிர்த்துவதற்குள் மாசி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய நிறுவிக்கருவி பந்தலில் பாதிக் கால்தான் நட்டிருந்தது. அத்தோடு இந்தத் தேருக்கு 11 வடம். அதாவது 11 வகைச் செயலிகளிலும் எல்லாப் பேக்கேஜும் ஓட வேண்டும். ஐபிஎம்மின் பூதாகரமான மெயின்ஃபிரேம் ஒரு வடம், பழைய அமிகாவிலும் மேகிண்டாஷிலும் இருந்த மோட்டரோலா 68000 குடும்பத்துச் செயலி இன்னொரு வடம். பெரிய பேக்கேஜ் ஒன்றை அந்தக் கிழச் செயலி தொகுக்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது 'ஆச்சு' என்று சொல்கிறவரைக்கும் இன்டெல் வடத்தைப் பிடித்தவர்கள் தெருவோரம் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் போதாதென்று 2004இல் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். டெபியனுக்கு ஒரு சமூக ஒப்பந்தம் உண்டு. அதில் சில சொற்களை மாற்றும் தீர்மானம். பெயர், 'பதிப்புத் திருத்தங்கள்'.

இதைச் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். "பிழைதிருத்தல் பத்திரம்னு தலைப்பு போட்டு, உள்ள நாலு எல்லையையும் மாத்தியிருப்பானே?"

அப்படியேதான் மாற்றியிருந்தார்கள். அதுவரை 'மென்பொருள்' சுதந்திரமானதாக இருந்தால் போதும். திருத்தத்துக்குப் பிறகு பயனர் கையேடு, வன்பொருளுக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் எல்லாமே சுதந்திரமானதாக இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெளியீட்டுப் பொறுப்பில் இருந்த ஆண்டனி டவுன்ஸ், அப்படியானால் இதையெல்லாம் பிடுங்கி எறியாமல் சார்ஜை வெளியிட முடியாதே என்றார். பலருக்குப் புரையேறியது. பிறகு இன்னொரு வாக்கெடுப்பு வைத்து, அந்தத் திருத்தம் சார்ஜுக்கு அப்புறம்தான் அமலுக்கு வரும் என்று ஒத்திவைத்தார்கள். பிழைதிருத்தலுக்கு ஒரு பிழைதிருத்தல்.

2005 ஜூன் 6 அன்று தேர் நிலைக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு ஆறு வாரம் குறைவு. 15,000க்கும் மேல் பேக்கேஜ். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அப்போதுதான் யாரோ சிடியைப் போட்டு ஏற்றிப் பார்த்துவிட்டு, சோர்சஸ் லிஸ்டைத் திறந்தார். பாதுகாப்பு அப்டேட்டுக்கான வரியின் முன்னால் ஒரு ஹாஷ். வரி அடிக்கப்பட்டிருந்தது. அடிக்கப்பட்ட அந்த வரியிலும் 'ஸ்டேபிள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'டெஸ்டிங்' என்றிருந்தது. மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய பத்திரத்தில் சொத்து விலாசமே தப்பு, அதுவும் அடித்தல் வேறு. அந்த வட்டிலிருந்து புதிதாக ஏற்றிய கணினிக்கு, தானாக எந்தப் பாதுகாப்பு அப்டேட்டும் வராது. அவசர அவசரமாக வட்டை மறுபடி தயாரித்து, பதிப்பு எண்ணின் வாலில் ஒரு 'ஏ' ஒட்டி வெளியிட்டார்கள்.

மாமா இந்த இடத்தில் சிரிக்கவில்லை. தொழில்காரருக்குத் தொழில்காரரின் வலி தெரியும். "எங்கிட்டயும் ஒருதரம் சர்வே நம்பர் மாறிப்போச்சு," என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்டதற்கு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பதிப்பு எட்ச்சுக்குத் தாமதம் ஆகக் கூடாதென்று 2006இல் வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றது ஒரு கோஷ்டி. சும்மா வடம் இழுக்கிறவன் நடுவில் இரண்டு பேருக்கு மட்டும் கூலியா என்று இன்னொரு கோஷ்டிக்குக் கோபம் வந்து வேலையில் சுணங்கியது. டிசம்பர் 4 என்று குறித்த தேர் 2007 ஏப்ரல் 8இல் வந்தது. அந்த எட்ச்சில் வேறொரு கூத்தும் பொதிந்திருந்தது. ஒரு சோதனைக் கருவி எரிச்சல் காட்டியதென்று 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரியை ஒருவர் அடித்துவிட்டார். கடைசியில் கணினிகள் உருவாக்கிய ரகசியச் சாவிகள் ஒவ்வொரு வகையிலும் வெறும் 32,768 தினுசுக்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. ஊரில் எல்லா வீட்டுச் சாவியும் ஒரே கொத்தில் அடங்கிவிடும் என்கிற மாதிரி. இந்த வீட்டில் அடித்தலுக்கு ராசியில்லை என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்டேபிள் வந்த பிறகு அதில் பேக்கேஜின் பதிப்பு எண் மாறாது. ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடுவார்கள், சட்டை அதே சட்டை. இதில் வெகுண்டவர்களில் ஜேமி ஸவின்ஸ்கி முக்கியமானவர். எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதியவர். அவர் திருத்தி வருஷக்கணக்கான பிழைகளை டெபியன்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்து அவருக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். பொறுத்துப் பார்த்தார். பிறகு நிரலுக்குள்ளேயே ஒரு வெடியை வைத்தார்: குறிப்பிட்ட காலம் கடந்ததும், 'இந்தப் பதிப்பு மிகப் பழையது, புதுப்பிக்கவும்' என்று திரையில் வரும். கூடவே நிரலின் குறிப்பில் ஒரு வேண்டுகோள்: எச்சரிக்கையை நீக்குவதாக இருந்தால், தயவுசெய்து என் மென்பொருளையே நீக்கிவிடுங்கள். 2016இல் திரி எரிந்து முடிந்தது. டெபியன் 8 வைத்திருந்தவர்களின் திரைகளில் எச்சரிக்கை வந்தது. 'ஐயோ, பழசா?' என்று பதறியவர்களைவிட, 'ஸ்டேபிளில் எப்படி இப்படி ஒரு செய்தி வரலாம்' என்று பதறியவர்களின் சத்தம்தான் அதிகம் கேட்டது. டெபியன் ஆற அமர யோசித்து, ஒரு அப்டேட் அனுப்பியது. அந்த அப்டேட், அப்டேட் வரவில்லை என்று சொல்லும் செய்தியை எடுத்துவிட்டது. மென்பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு இதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் சிரிப்புத்தான் முதலில் வருகிறது.

"சரி, நம்ம வழக்குக்கு வாங்க," என்றார் மாமா.

நம் வழக்கு இதுதான். 2021 ஆகஸ்ட் 14 அன்று புல்ஸ்ஐ என்ற குதிரை வந்து ஸ்டேபிள் நாற்காலியில் உட்கார்ந்தது. நாய் ஓல்ட்ஸ்டேபிள் ஆனது. பெயர் மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது என்று பஸ்டரின் ஆப்ட் கருவிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காகத்தான். இப்படி நாற்காலி மாறும் அன்று ஆளில்லாமல் தானாக ஓடும் கணினிகள் எல்லாம் வாயடைத்துப் போகும் என்பது அவர்களுக்கே முன்கூட்டி உறைத்து, ஜூன் 19 அன்று வந்த 10.10இல் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி ஒரு திருத்தம் அனுப்பினார்கள். ஜூன் 19க்கும் ஆகஸ்ட் 14க்கும் நடுவில் அப்டேட் வாங்கியவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. பூட்டுக்கு முன்னால் சாவி வீட்டுக்குள் வந்துவிட்டது. மாமாவின் லேப்டாப் அந்த எட்டு வாரமும் வேட்டிக்குள் அந்துருண்டையோடு படுத்திருந்தது.

"நோட்டீஸ் வந்தப்ப வீடு பூட்டியிருந்தது," என்றார்.

ஆப்ட்-கெட்டை விட்டு 'ஆப்ட் அப்டேட்' என்று தட்டினேன். அது கொஞ்சம் நாகரிகமாக, ஏற்கிறீர்களா, ஒய் அல்லது என் என்று கேட்டது. ஒய்யை நான் தட்டப்போனபோது மாமா கையைப் பிடித்தார். வரியை முழுசாக ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகு, அவரே தட்டினார்.

பஸ்டர் அப்டேட் முடிந்தது. கையோடு புல்ஸ்ஐக்கு ஏற்றிவிடலாம் என்று, கோப்பில் பஸ்டர் என்று இருந்த இடமெல்லாம் புல்ஸ்ஐ என்று ஒரே தட்டில் மாற்றினேன். கெட்டிக்காரத்தனம். ஒரு வரி மட்டும் 404 என்று திரும்பி வந்தது. எது என்று கேட்கிறீர்களா? பாதுகாப்பு வரி. 2005இல் உதைத்த அதே வரி.

நான் சர்வரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோது மாமா பழைய கோப்பையும் புதிய விதியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ்டர் வரை பாதுகாப்பு விலாசம் 'பஸ்டர்', சாய்கோடு, 'அப்டேட்ஸ்'. சாதாரணத் திருத்தங்களின் விலாசம் 'பஸ்டர்', சிறுகோடு, 'அப்டேட்ஸ்'. ஒரு கோடு சாய்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். இந்தக் குழப்பம் தீர, புல்ஸ்ஐயில் பாதுகாப்பு விலாசத்தை 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' என்று மாற்றிவிட்டார்கள்.

"ரீசர்வே பண்ணியிருக்கான் மாப்பிள்ளை. 112/2ம் 112-2ம் ஒண்ணுன்னு நினைச்சு எத்தனை பேர் அடுத்தவன் வயல்ல நாத்து நட்டான் தெரியுமா? நீங்க பழைய நம்பரைப் போட்டே கிரயம் எழுதியிருக்கீங்க."

திருத்தினேன். ஓடியது. ஆயிரத்துச் சொச்சம் பேக்கேஜ், மயிலாடுதுறை வைஃபை. ராத்திரி பத்து மணிக்கு அறுபது சதவீதம். கடைசி வரியில் 'கான்ட்ரிப் நான்-ஃப்ரீ' என்று இருப்பது என்ன என்று மாமா கேட்டார். சுதந்திரமில்லாத மென்பொருளின் தனிச் சொத்து, வைஃபைக்கான ஃபர்ம்வேர் அதில் குடியிருப்பது 2004 சண்டையின் மிச்சம் என்றேன். அடுத்த வருஷமே, 2023இல், புக்வார்ம் பதிப்பில் ஃபர்ம்வேருக்கென்று 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று இன்னொரு உட்பிரிவு போட்டார்கள். அதை வரியில் சேர்க்காதவர்களுக்கு வைஃபை சில்லு போன்றவற்றின் ஃபர்ம்வேருக்கு அப்டேட் வராது. மாமாவின் லேப்டாப்பில் அதை நான் மறந்தேன், அவர் மறக்கவில்லை. அது தனிக் கதை.

காலையில் எழுந்தபோது மாட்டுப் பொங்கல். மாமா குளித்து, விபூதி பூசி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏற்றம் முடிந்திருந்தது. சரிபார்க்கிறேன் பேர்வழி என்று, ஆப்டின் உதவிப் பக்கத்தைத் திறந்து கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, இந்த ஆப்டுக்கு மாபெரும் பசு சக்தி உண்டுன்னு எழுதியிருக்கான். நிஜமா?"

நிஜம். பல வருஷமாக அங்கே இருக்கும் வரி. 'ஆப்ட் மூ' என்று தட்டச் சொன்னேன். அடைப்புக்குறியும் கோடும் சேர்த்து வரைந்த ஒரு மாடு திரையில் வந்து நின்று, இன்றைக்கு 'மூ' என்றீர்களா என்று கேட்டது.

மாமா ஒருகணம் அதைப் பார்த்தார். உள்ளே போய்க் குங்குமச்சிமிழை எடுத்துவந்து, லேப்டாப் மூடியின் நடுவே ஒரு பொட்டு வைத்தார். வீட்டின் பின்புறம் கட்டியிருந்த மாடு அதுவரை காத்திருந்தது.